கை நின்ற இடம்

கம்ப்யூட்டரில் வேலை செய்யும்போது நமக்குப் பின்னால் வந்து நிற்கிறவர்கள் எல்லாரும் திரையைத்தான் பார்ப்பார்கள். எங்கள் ஆபீஸில் இருந்த அக்கா ஒருவர் மட்டும் கையைப் பார்ப்பார்.

ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு சற்றுத் தள்ளி உட்கார்ந்துகொள்வார். நோட்டு, பேனா எதுவும் கிடையாது. மடியில் சாப்பாட்டுப் பை, அதன் மேல் இரண்டு கைகள். மீன் கழுவுகிற இடத்தில் பூனை உட்கார்ந்திருக்குமே, அந்த மாதிரி மவுஸ் பிடித்திருக்கும் நம் கையையே பார்த்துக்கொண்டிருப்பார். ஒரு வார்த்தை பேச மாட்டார். அவர் இருப்பதையே மறந்து நாம் வேலையில் இறங்கிவிட்ட பிறகு, காதோரம் கேள்வி வரும்.

"இப்ப கை நின்னுச்சே, ஏன்?"

நின்றது நமக்கே தெரிந்திருக்காது. "நிக்கலியேக்கா" என்போம்.

"நின்னுச்சு நைனா. கொஞ்சூண்டு. அந்த எடத்துல இன்னாத்தப் பாத்த?"

யோசித்துப் பார்த்தால், ஆமாம், நின்றுதான் இருக்கும். ஒரு எண் பக்கத்து எண்களைவிட நீளமாக இருந்திருக்கும். ஒரு படம், அதைப் பற்றிப் பேசுகிற பத்தியை விட்டு இரண்டு பக்கம் தள்ளிப் போயிருக்கும். கண் பார்த்து, கை நின்று, சரிசெய்துவிட்டு நாம் அடுத்த வரிக்குப் போயிருப்போம். மூளைக்குச் சேதி போவதற்குள் வேலை முடிந்திருக்கும். அப்படி ஒரு நொடி நின்றதைத்தான் அக்கா பிடித்துக்கொள்வார்.

எங்கள் ஆபீஸ் கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைக்குள் இருந்தது. ஒரு பக்கம் இரும்புக் கம்பி உருட்டுகிற ஆலை, இன்னொரு பக்கம் பெயின்ட் டப்பா செய்கிற கம்பெனி. நடுவில் இருந்த கட்டடத்தில் முதல் மாடி எங்களுடையது. காலையில் துடைத்த கீபோர்டில் மத்தியானத்துக்குள் கறுப்புப் பொடி படிந்துவிடும். பக்கத்து ஆலையில் உலையை ஏற்றினால் எங்கள் டியூப் லைட் ஒரு தரம் கண் சிமிட்டும். அந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டு நாங்கள் செய்த வேலையைக் கேட்டால் சிரிப்பீர்கள். உலகத்தில் எங்கெங்கோ இருக்கிற விஞ்ஞானிகள் எழுதும் ஆராய்ச்சிக் கட்டுரைகளுக்குப் பக்கம் கட்டுவது. எழுதுகிறவர் தன் இஷ்டத்துக்கு எழுதி அனுப்பிவிடுவார். படம், கணக்கு, அட்டவணை எல்லாவற்றையும் அந்தந்த ஆராய்ச்சி இதழின் அளவுக்கு அடக்கி, படிக்கிறவர் கண் தடுமாறாதபடி அடுக்கிக் கொடுப்பது நாங்கள். ஷேர் ஆட்டோக்காரர் எங்கள் வாசலில் "சயின்ஸு கம்பெனிலாம் எறங்கு" என்பார். நான் பன்னிரண்டாவது முடித்துவிட்டு, ஆரணியில் கல்யாணப் பத்திரிகையும் கண்ணீர் அஞ்சலியும் தட்டிக்கொண்டிருந்தவன். நானாகப் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்ட வேலை. சயின்ஸு கம்பெனி என்று யாராவது சொன்னால் எனக்கு உள்ளுக்குள் குளிரும்.

அக்காவின் வேலை, நாங்கள் கையால் செய்வதை மெஷினைச் செய்ய வைப்பது. அதற்குப் புரோகிராம் எழுதுவார். ஆர்.கே.பேட்டைப் பக்கத்துக்காரர். வீட்டில் நெல் போடுகிறார்கள். கல்லூரியில் கணக்குப் படித்தவர். முதலில் எங்களைப் போலப் பக்கம் கட்டத்தான் வந்தார். ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்ய அலுத்துப்போய்ப் புரோகிராம் எழுதக் கற்றுக்கொண்டதாகச் சொல்வார்.

"நான் சோம்பேறி நைனா. ஆனா சோம்பேறித்தனத்த ஒழுங்கா செய்யணும்னா நெறய வேலை செய்யணும்."

இப்படி அவர் சொன்னது நிறைய என் வாயில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. "வேகமா தப்பு பண்றதுக்கு எதுக்குக் கம்ப்யூட்டரு, அதுக்கு நானே போதும்" என்பார். "மெஷினுக்கு வெக்கம் கெடையாது, தெரியலன்னா தெரியலன்னு சொல்லிடும், நாமதான் அதுக்குப் பொய் சொல்லக் கத்துக் குடுக்கிறோம்" என்பார். முதல் முறை கேட்டபோது எனக்கு ஒன்றும் புரியவில்லை. டீக்கடையில்தான் புரிந்தது.

தொழிற்பேட்டை வாசலில் ஒரு டீக்கடை. லாரிக்காரர்கள், ஆலை ஆட்கள், நாங்கள், எல்லாருக்கும் அதுதான். ஒரு நாள் டீ மாஸ்டர் வரிசையாகக் கிளாஸ் அடுக்கிச் சர்க்கரை போட்டுக்கொண்டு வந்தார். அக்கா என்னோடு பேசிக்கொண்டிருந்தவர் சட்டென்று திரும்பினார்.

"மாஸ்டர், அந்தக் கிளாஸ்ல ஸ்பூன் நின்னுச்சே, ஏன்?"

மாஸ்டர் திருதிருவென்று விழித்தார். பிறகு ஓரமாக உட்கார்ந்திருந்த ஒரு லாரி டிரைவரைக் கண்ணால் காட்டினார். "அவருக்குப் போடறது. போன தபா வந்தப்ப கால்ல கட்டுப் போட்டுக்கினு வந்தாரு. புண்ணு ஆறவே மாட்டுதுன்னாரு. சக்கரையோ இன்னாவோன்னு ஒரு டவுட்டு."

"இப்ப போடப் போறியா, வுடப் போறியா?"

"அதான் யோசிக்கிறேன்."

"யோசிக்காத. அவரைக் கேளு."

மாஸ்டர் கேட்டார். டிரைவர் கிளாஸைப் பார்த்தார், காலைப் பார்த்தார். "பாதி போடுப்பா. என் பொண்டாட்டி மாரியே பேஜாரு பண்றீங்க" என்றார். கடையே சிரித்தது.

அக்கா மட்டும் சிரிக்காமல் என்னிடம் சொன்னார். "பாத்தியா நைனா. போட்டுட்டுப் போறவனும் இருக்கிறான், போடாம வுட்டுட்டுப் போறவனும் இருக்கிறான். இவரு நின்னாரு பாரு. எனக்கு இந்த மாரி ஒரு மெஷினு வேணும்."

டீ மாஸ்டர் மாதிரி மெஷின் வேண்டும் என்று கேட்ட ஒரே ஆளை நான் அங்கேதான் பார்த்தேன்.

ஆனால் ஆபீஸில் அக்காவைப் பார்த்துச் சிரித்தவர்களைவிடப் பயந்தவர்கள்தான் அதிகம். அதற்குக் காரணம் பாபு. எளாவூரிலிருந்து வருகிற பையன். கட்டுரையின் கடைசியில் எந்தெந்த ஆராய்ச்சியை மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்று நீளமாக ஒரு பட்டியல் வருமே, அதை ஒழுங்குபடுத்துவது அவன் வேலை. பெயர் முன்னால், வருடம் பின்னால், இங்கே காற்புள்ளி, அங்கே சாய்வெழுத்து. அக்கா அவன் பின்னால் கொஞ்ச நாள் உட்கார்ந்தார். பிறகு ஒரு புரோகிராம் வந்தது. பாபு நாளெல்லாம் செய்ததை அது டீ ஆறுவதற்குள் செய்தது. பாபுவைக் கீழே பார்சல் பிரிவுக்குப் போகச் சொன்னார்கள். அவன் அது பிடிக்காமல் செக்போஸ்ட் பக்கம் ஒரு லாரி ஆபீஸில் போய்ச் சேர்ந்துகொண்டான். அன்றிலிருந்து, அக்கா நாற்காலியை இழுக்கிற சத்தம் கேட்டாலே ஆளாளுக்கு மவுஸை விட்டுவிட்டுத் திரும்பிப் பார்ப்போம்.

அந்த நாற்காலி ஒரு நாள் எங்கள் அட்டவணைப் பிரிவுக்கு வந்தது.

எங்கள் பிரிவில் பெரியவர் லில்லியம்மா. அவர் அப்பாவும் அம்மாவும் பொன்னேரிப் பக்கம் வயலில் கூலிக்கு நடவு நட்டவர்கள். லில்லியம்மா சர்ச் பள்ளிக்கூடத்தில் படித்து, டைப்பிங் கற்று, எங்கள் கம்பெனி தொடங்கியபோதே வந்துவிட்டார். வீட்டில் சம்பாதிக்கிறவர் அவர் ஒருவர்தான். அக்கா வரப்போகிறார் என்று தெரிந்ததும், முந்தின நாளே சாப்பாட்டு நேரத்தில் எங்களைக் கூட்டிவைத்துச் சொன்னார்.

"அது நாம எங்க நிக்கிறோம்னுதானே பாக்குது? நிக்காதீங்க. கடகடன்னு அடிச்சுக்கினே போங்க. சந்தேகம் வந்தாலும் நிக்காதீங்க. நாம நிக்கலன்னா அது இன்னாத்தக் கத்துக்கும்?"

எல்லாரும் தலையாட்டினோம். லில்லியம்மா என்னைப் பார்த்து, "நீ எப்பவும் போல செய்யி. உன் கை என்னைக்கு நின்னுச்சு?" என்றார். ஒரே சிரிப்பு. பிரிவிலேயே வேகம் நான்தான்.

அக்கா வந்து உட்கார்ந்தார். நாங்கள் ஓடினோம். லில்லியம்மா மாதிரி நிதானமான கை நான் பார்த்ததில்லை. அந்தக் கையே அந்த வாரம் தையல் மெஷின் மாதிரி ஓடியது. எனக்குப் பக்கத்து இருக்கை சாந்தி, உதட்டைக் கடித்துக்கொண்டு ஓடினாள். அக்கா ஒன்றும் கேட்கவில்லை. எங்கள் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. நான்கு நாள் பார்த்துவிட்டுத் தன் இடத்துக்குப் போய்விட்டார். நாங்கள் ஜெயித்துவிட்டோம் என்று லில்லியம்மா வீட்டிலிருந்து வாழைக்காய் பஜ்ஜி செய்து கொண்டுவந்தார்.

அடுத்த வாரம் அக்கா லில்லியம்மாவைக் கூப்பிட்டார். நாங்களும் பின்னாலேயே போனோம். எங்கள் கையைப் பார்த்து அவர் எழுதிய புதுப் புரோகிராம், ஓர் அட்டவணையைக் கட்டிக் காட்டியது. மருந்து சம்பந்தப்பட்டது. எந்த நோயாளிக் கூட்டத்துக்கு எவ்வளவு மருந்து கொடுத்தார்கள், எத்தனை பேருக்குக் கொடுத்தார்கள் என்று கட்டம் கட்டமாக. பார்க்க அவ்வளவு அழகு. கோடு பிசகவில்லை, எண்கள் நேர்க்கோட்டில் நின்றன.

"சரியா இருக்குதா பாருங்க லில்லியம்மா" என்றார் அக்கா.

லில்லியம்மா மவுஸை வாங்கி மேலிருந்து கீழே நகர்த்திக்கொண்டு வந்தார். நடுவில் ஒரு வரியில் கை நின்றது.

அக்கா மெதுவாகக் கேட்டார். "நாலு நாளா நிக்காத கை, இங்க நின்னுச்சே, ஏன்?"

லில்லியம்மாவால் அதற்கு மேல் மறைக்க முடியவில்லை. "இந்தக் கட்டம் காலியா இருக்கணும்டி. இந்தக் கூட்டத்துக்கு மருந்தே குடுக்கல, சும்மா பக்கத்துல வெச்சு ஒப்பிட்டுப் பாத்திருக்கிறாங்க. உன் மெஷினு காலிக் கட்டத்தத் தூக்கிப் போட்டுட்டுது. பக்கத்துல இருந்த நாப்பது நகுந்து வந்து குந்திக்கினு இருக்குது. நாப்பது ஆளு, நாப்பது மில்லிகிராமா ஆயிடுச்சு. எவனாவது டாக்டரு இத்தப் படிச்சுட்டு எவனுக்காவது குடுத்தா?"

"காலின்னா நீங்க இன்னா செய்வீங்க?"

"மேல பாப்பேன், கீழ பாப்பேன். எழுதறவரு மறந்துட்டாரா, இல்ல வேணும்னே வுட்டாரான்னு பாப்பேன். தெரியலன்னா அவரையே கேட்டு எழுதச் சொல்வேன்."

"நாலு நாள்ல ஒரு தபாகூடப் பாக்கலியே."

பக்கத்து ஆலையில் உலையை ஏற்றினார்கள் போலிருக்கிறது, டியூப் லைட் சிமிட்டியது. லில்லியம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நிமிர்ந்தார்.

"ஆமா, வேணும்னேதான் பாக்கல. நான்தான் சொன்னேன். நீ வந்து குந்தற எடத்துல எல்லாம் வேலை போவுது. பாபுக்குப் போச்சு. நாளைக்கு எங்களுக்குப் போவும். இல்லன்னு சொல்லு பாக்கலாம்."

நான் அக்காவின் முகத்தைப் பார்த்தேன். அந்த இடத்தில் யாராக இருந்தாலும், அப்படியெல்லாம் ஆகாது, கம்பெனி பார்த்துக்கொள்ளும் என்று ஏதாவது சொல்லியிருப்பார்கள்.

"போவும்" என்றார் அக்கா. "எல்லாம் போவாது, கொஞ்சம் போவும். யாருக்கு எவ்ளோன்னு எனக்கு இப்பத் தெரியாது. தெரிஞ்சா நானே வந்து சொல்றேன். ஆனா ஒண்ணு யோசிங்க. நீங்க நிக்கிற எடம் எனக்குத் தெரியலன்னா மெஷினு எங்கியுமே நிக்காது. எங்கியும் நிக்காத மெஷினுக்கு ஆளே தேவையில்ல. மேனேஜரு கேக்கிறது அத்தத்தான். நீங்களும் நாலு நாளா அத்தத்தான் செஞ்சு குடுத்திருக்கீங்க."

லில்லியம்மா பக்கத்திலிருந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "அப்ப இன்னாதான் செய்யச் சொல்ற?"

"நில்லுங்க. தாராளமா நில்லுங்க. ஏன் நின்னீங்கன்னு எனக்குச் சொல்லுங்க. அங்கல்லாம் மெஷினையும் நிறுத்தறேன். நின்னா அது யாரையாவது கேட்டாகணும் இல்ல? உங்களைக் கேக்கும்."

அப்படித்தான் அந்தப் புரோகிராம் வளர்ந்தது. சாதாரண அட்டவணைகளை அதுவே கட்டிவிடும். சந்தேகமான இடம் வந்தால் நின்றுவிடும். நின்றால் திரையில் ஒரு சின்னப் பெட்டி வரும், அதுவும் தமிழில். "இந்தக் கட்டம் ஏன் காலி? லில்லியம்மாவைக் கேள்." "இந்த அட்டவணை ஒரு பக்கத்தில் அடங்காது, எங்கே உடைப்பது? சாந்தியைக் கேள்." எந்த யோசனையை யார் கையிலிருந்து எடுத்தாரோ, அவர் பெயரைப் போட்டார். தன் பெயரை எங்கும் போடவில்லை. கேட்டதற்கு, "என்னைக் கேட்டா எனக்குத் தெரியாதே" என்றார்.

அக்கா தோற்றுப்போன இடமும் ஒன்று உண்டு. சாந்தியின் பின்னால் உட்கார்ந்திருந்தபோது ஓர் அட்டவணையில் சாந்தியின் கை நின்றது. நொடி நேரமில்லை, நின்றது நின்றபடியே இருந்தது. அக்கா வழக்கம்போல, "ஏன் நின்னுச்சு?" என்றார். நான் எட்டிப் பார்த்தேன். இரும்பை உருக்கி அச்சில் வார்க்கிற வார்ப்பாலையில் வேலை செய்கிறவர்களின் நுரையீரலில் மணல் தூசி எவ்வளவு இறங்குகிறது, எத்தனை வருடத்தில் மூச்சு எவ்வளவு குறைகிறது என்று எண்கள். சாந்தியின் புருஷன் அதே தொழிற்பேட்டையில் வார்ப்பாலையில்தான் இருந்தார். வருடக் கணக்குப் போட்டு, அவர் எந்த வரியில் வருவார் என்று தேடிக்கொண்டிருந்தாள்.

"பத்து வருசம்க்கா. இந்த வரி" என்று விரலால் தொட்டுக் காட்டினாள்.

அக்கா எழுந்து, சாந்தியைத் தன் நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு, மீதி அட்டவணையைத் தானே கையால் கட்டினார். கட்டி முடித்துவிட்டு, "இந்தச் சனிக்கெழம அவர டாக்டர்கிட்ட கூட்டிக்கினு போ. நானும் வரேன்" என்றார். போனார்கள். என்னிடம் பிற்பாடு சொன்னார்: "எல்லா நிக்கிறதையும் எழுதிட முடியாது நைனா. சிலத நாம நின்னுட்டுப் போவ வேண்டியதுதான்."

என் பின்னாலும் வந்து உட்கார்ந்தார். லில்லியம்மா நிற்கலாம் என்று அனுமதி கொடுத்த பிறகுதான். ஆனால் நான் என் வழக்கப்படி காற்றாகப் பறந்தேன். எனக்கு அதில் ஒரு பெருமை. ஒரு நாள் முழுக்கப் பார்த்துவிட்டு மறுநாளும் வந்தார்.

"இன்னாக்கா, ஒண்ணும் மாட்டலையா?" என்றேன்.

"மாட்டல நைனா. உனக்கு எங்கியும் சந்தேகமே வராதா?"

"வந்தா லில்லியம்மாகிட்ட தள்ளிட்டு அடுத்தத எடுத்துக்குவேன்."

அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. "உன் கை ரொம்ப அழகா ஓடுது. ஓடற கையத்தான் மெஷினு சீக்கிரம் கத்துக்கும். நான் சொல்றது புரியுதா?" என்றார்.

"புரியுதுக்கா" என்றேன். அப்போது எனக்குப் புரிந்ததெல்லாம் என் கை அழகாக ஓடுகிறது என்பதுதான்.

சோதனை நாள் வந்தது. இதழ்களை வெளியிடுகிற வெளிநாட்டுக் கம்பெனி காலையில் ஒரு கட்டுக் கட்டுரைகளை அனுப்பும். சாயங்காலத்துக்குள் பக்கம் கட்டித் திருப்பி அனுப்ப வேண்டும். அது அவர்களுக்குத் திருப்தியாக இருந்தால்தான் அந்த வேலை தொடர்ந்து எங்களுக்கு. மேனேஜர் அவர்களிடம், ஆள் கையே படாது, முழுக்க முழுக்க மெஷின் என்று வாக்குக் கொடுத்திருந்தார். அதில் அவருக்கு எவ்வளவு நம்பிக்கை என்றால், எங்கள் பிரிவு இருந்த இடத்தை வேறொரு வேலைக்கு ஒதுக்கி, எங்கள் மேசைகளை இறக்க அன்று காலையிலேயே கயிறோடு ஆட்களை வரச் சொல்லிவிட்டார். அவர்கள் படிக்கட்டு வாசலில் பற்றவைக்காத பீடியை வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நாங்கள் எங்கள் மேசைகளைத் தொட்டுக்கொண்டு நின்றோம்.

மெஷின் ஓடியது. நான்கைந்து கட்டுரை தடையில்லாமல் போயிற்று. மேனேஜர் கையைத் தேய்த்துக்கொண்டார். பிறகு நின்றது. "லில்லியம்மாவைக் கேள்." கொஞ்சம் போய் மறுபடி நின்றது. "சாந்தியைக் கேள்." மறுபடியும் லில்லியம்மா.

"என்னம்மா இது? இது என்ன ரேஷன் கடையா, ஆள் ஆளா பேர் சொல்லிக் கூப்பிடறதுக்கு? அந்த நிக்கிறதை எடுத்துடுங்க" என்றார் மேனேஜர்.

"எடுத்துடலாம் சார். ஒரு நிமிசம்."

"என்ன செய்யப் போறீங்க?"

"நிக்கிற எடத்துல நிக்காம போகச் சொல்லணும்னா, போகலாம்னு யாரோ முடிவு பண்ணதா இருக்கணும் இல்ல சார்? இந்தப் பேருங்கள எடுத்துட்டு உங்க பேரப் போட்டுடறேன். எந்தக் கட்டத்துல இன்னா தப்பு இருந்தாலும், மேனேஜர் சரின்னாருன்னு கூடவே போவும். படிக்கிறவங்களுக்குச் சௌகரியமா இருக்கும்."

கிண்டலாகச் சொல்லவில்லை. மரியாதையாக, கீபோர்டில் கையை வைத்தபடியே சொன்னார். மேனேஜர் கெட்டவர் இல்லை. அவருக்கும் மேலே ஒருவர் இருந்தார். திரையில் நின்றிருந்த அட்டவணையைப் பார்த்தார். இருதய நோய்க்காரர்களுக்கான மருந்து. ஒரு கட்டம் காலி. அது ஏன் காலி என்று அவருக்கும் தெரியாது. கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"லில்லி எங்கே? கூப்பிடுங்க" என்றார்.

அன்று முழுக்க மெஷின் ஓடிற்று, நின்றது, கேட்டது. லில்லியம்மாவும் சாந்தியும் இன்னும் இரண்டு பேரும் பதில் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். சில இடங்களில் அவர்களுக்கும் தெரியவில்லை. அங்கெல்லாம் கட்டுரை எழுதியவருக்கே கேள்வி போட்டு அனுப்பினார்கள். சாயங்காலம் சொன்ன நேரத்தைவிடச் சற்றுத் தாமதமாகத்தான் போனது. மேசை தூக்க வந்தவர்கள் சும்மா உட்கார்ந்திருந்துவிட்டு, நாளைக்கு வருவதா வேண்டாமா என்று கேட்டார்கள். யாருக்கும் பதில் தெரியவில்லை.

சில நாள் கழித்து வெளிநாட்டுக் கம்பெனியிலிருந்து பதில் வந்தது. வேலையை எங்களுக்கே கொடுக்கிறார்கள். மெஷின் நின்று கேட்கிற முறை அப்படியே இருக்கட்டும், கேள்விக்குப் பதில் சொல்கிற ஆட்களும் இருக்கட்டும். லில்லியம்மா சிலுவைக் குறி போட்டுக்கொண்டார். சாந்தி என் முதுகில் ஓங்கி ஒரு அறை வைத்தாள். அன்றைக்கு எங்கள் பிரிவில் நாஷ்டா லில்லியம்மா செலவு.

மறுநாள் காலையில், நான் என் இடத்துக்கு வருவதற்கு முன்பே அக்கா அங்கே நின்றிருந்தார்.

"நைனா, கொஞ்சம் வெளிய வா."

படிக்கட்டுக்குப் போனோம். அவர் சுற்றி வளைக்கவில்லை.

"மேனேஜரு, நிக்கிற எடத்துல பேரு வர்றவங்க மட்டும் இருந்தா போதும்னு சொல்லிட்டாரு. ரெண்டு மேசை போவுது. ஒண்ணு உன்னுது. இன்னொண்ணு, உங்க பிரிவுல கடைசி மேசைல குந்தற மீஞ்சூர்க்காருது. அவரு ஏற்கெனவே வேற எடம் பாத்துட்டாரு. உன் பேரு ஒரு எடத்துலகூட வரல."

"நீ ஏன்க்கா வந்து சொல்ற? மேனேஜரு கூப்ட்டு சொல்லியிருப்பாருல்ல?"

"அவரு கம்பெனி நெலம, மார்க்கெட்டு நெலமன்னு சொல்வாரு. நீயும் சரின்னு போயிடுவ. ஏன்னு நான்தான் சொல்லணும். நான் போட்ட பேருதான் உன்ன வெளிய தள்ளுது. இப்படி ஆவும்னு எனக்கு முன்னாடியே தெரியும். தெரிஞ்சுதான் போட்டேன். போடலன்னா ஒருத்தரும் மிஞ்சியிருக்க மாட்டீங்க."

"உன் பேர்ல கோவம் வருதுக்கா" என்றேன்.

"வரணும்" என்றார். "உனக்காகப் பேசிப் பாத்தேன். உன் பேரயும் ஒரு எடத்துல பொய்யா சேத்துடுன்னு சாந்தி சொன்னா. சேத்திருந்தா ஒரு நாளைக்கு மெஷினு உன்னக் கேக்கும். நீ நிக்காம பதில் சொல்லிடுவ."

அதுதான் உண்மை. அவர் சொன்ன மாதிரி நான் பதில் சொல்லியிருப்பேன், அதுவும் எல்லாரையும்விட வேகமாக. அக்காவின் மேல் எனக்கு இருந்த கோபம் கொஞ்ச நாள் இருந்தது. மரியாதை மட்டும் அந்தப் படிக்கட்டில் நின்ற நேரத்தில்கூடக் குறையவில்லை. வேலை போன பலரை எனக்குத் தெரியும், ஆலையில், லாரி ஆபீஸில், கடையில். ஏன் போனது என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல ஓர் ஆள் கிடைத்தது எனக்கு மட்டும்தான்.

மேசை தூக்க அன்று ஒரே ஓர் ஆள்தான் வந்திருந்தார். லில்லியம்மா என் டிராயரைக் காலி செய்துகொண்டே, எனக்கு இதைவிட நல்ல இடம் கிடைக்கும் என்றார். சாந்தி அழுதாள். மேனேஜர் வந்து கை கொடுத்து, கம்பெனி நிலைமை, மார்க்கெட் நிலைமை என்று ஆரம்பித்தார். நான் தலையாட்டினேன். மேசையை ஒரு பக்கம் அந்த ஆளும் இன்னொரு பக்கம் நானும் தூக்கலாம் என்று குனிந்தேன்.

"நீ தள்ளிக்கோ நைனா" என்று அக்கா வந்தார். துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டியிருந்தார்.

"அம்மா, நீங்க மேல புடிங்க. கீழ் பக்கம் கனம் தாங்காது" என்றார் கூலியாள்.

"கீழ நான் போறேண்ணே" என்று சொல்லிவிட்டு அவர் முதல் படியில் இறங்கி, முதுகைப் படிக்கட்டுக்குக் காட்டியபடி, மேசையின் காலைத் தோளில் வாங்கினார். அது குறுகலான படிக்கட்டு. ஒவ்வொரு படியையும் காலால் தடவித் தடவிப் பின்னோக்கி இறங்கினார். திருப்பத்தில் மேசை சுவரில் இடித்துக்கொண்டது. மேலிருந்து எல்லாரும் ஆளுக்கு ஒரு யோசனை சொன்னார்கள். நான் வெறும் கையோடு அவர்களுக்கு நடுவில் நின்றிருந்தேன். கீழேயிருந்து, மேசைக்கு அடியில், மூச்சிரைக்கிற குரல் கேட்டது.

"நைனா, மேல நின்னுக்கினு இன்னா பாக்கிற? வந்து பக்கத்துல ஒரு கை குடு. உன் மேசதானே."

இறங்கிப் போய்க் கொடுத்தேன்.